பதினாறு சொன்னாங்க, பதினொண்ணு கொடுத்தது!

இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு

இந்த ஆண்டு மலருக்கு நட்பைப் பற்றி ஒன்பது பேர், அன்னையைப் பற்றி ஆறு பேர், காதலைப் பற்றி எண்ண முடியாத அளவுக்குப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டதாக மாணவர் பேரவைச் செயலாளர் சொன்னார். மிச்சம் இருந்தது டீசல் ஒன்றுதான். அதை நான் எடுத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் எட்டு மாதமாகப் பேச்சு வேறு எதைப் பற்றியும் இல்லை.

எங்க அப்பா லோடு வண்டி ஓட்டுபவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னச் சின்ன லேத் பட்டறைகளில் செய்த பாகங்களை ஏற்றிக்கொண்டு வானகரம், பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள கம்பெனிகளில் இறக்குவார். பெரும்பாலும் திரும்பும்போது காலி. பல வருஷம் அவரிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய குட்டி யானை. 2005-ல் டாடா ஏஸ் என்று வந்ததே, அதேதான். ரெண்டே சிலிண்டர், 702 சி.சி. இன்ஜின். முக்கால் டன் ஏற்றலாம். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும். ஏற்றம் ஏறும்போது மட்டும் நாம் இறங்கித் தள்ளலாமா என்று தோன்றும்.

2025 மார்ச்சில் அதைக் கொடுத்துவிட்டுப் புதுசாக ஒரு பிக்கப் எடுத்தோம். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்பது இங்கே வேண்டாம். ஒன்றரை டன் ஏற்றும், ஏ.சி. உண்டு, ஆன்ரோடு பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மாச டியூ 18,500 ரூபாய், அறுபது மாதம். ஷோரூமில் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "மைலேஜ் எவ்ளோ தம்பி குடுக்கும்?" அந்த விற்பனைப் பையன் (என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் பெரியவனாக இருப்பான், அவனும் டிப்ளமோவாகக்கூட இருக்கலாம்) சற்றும் யோசிக்காமல் சொன்னான்: "அண்ணே, பதினாறு கண்டிப்பா. நல்லா ஓட்டுனா பதினேழு."

முதல் மாதம் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டாவது மாதம் பங்க் ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வைக்க ஆரம்பித்தார். மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி அந்தக் கவரை என் முன்னால் வைத்து, "நீதானடா மெக்கானிக்கல் படிக்கிற? வண்டி இன்னாத்துக்கு இவ்ளோ குடிக்குதுன்னு சொல்லு" என்றார்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான் ஒருத்தன்தான். அதனால் கரண்ட் பில்லில் இருந்து மாத்திரை அட்டை வரைக்கும் என்னிடம்தான் வரும். அதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடுவேன். இது என் பாடம். தெர்மல் இன்ஜினியரிங்கில் பாஸ் மார்க்குக்கு மேலேயே வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வாயில் ஒரு பதிலும் வரவில்லை.

முதலில் அளவு. ஷோரூம்காரன் சொல்வதும், டேஷ்போர்டு மீட்டர் காட்டுவதும், ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் சொல்வதும் அளவு ஆகாது. டேங்கை வாய் வரைக்கும் நிரப்பி, கிலோமீட்டர் குறித்துக்கொண்டு, தீரும் நேரத்தில் அதே பங்க்கில் அதே நாசிலில் மறுபடி வாய் வரைக்கும் நிரப்பி, ஓடியதை ஊற்றியதால் வகுக்க வேண்டும். ஒரு தடவை செய்தால் போதாது. வண்டி நிற்கும் சாய்மானத்துக்கே அரை லிட்டர் கூடும், குறையும். பத்து தடவை செய்தால்தான் அந்த வித்தியாசம் அடிபடும். 2025 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். ஓடியது 7,150 கிலோமீட்டர். ஊற்றியது 641 லிட்டர். வகுத்தால் 11.15.

பதினாறுக்கும் 11.15-க்கும் என்ன வித்தியாசம்? மாதம் 2,400 கிலோமீட்டர் ஓடுகிறோம். பதினாறு என்றால் 150 லிட்டர். 11.15 என்றால் 215 லிட்டர். நாங்கள் கணக்கு எழுதிய மாதங்களில் சென்னையில் டீசல் 92 ரூபாய் சில்லறை. ஆக மாதம் 6,000 ரூபாய் எங்கேயோ போகிறது. டியூ 18,500 என்று நினைத்துத்தான் அப்பா கையெழுத்துப் போட்டார். உண்மையான டியூ 24,500.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் 2025-ல் எத்தனால் கலப்பைத் திட்டினார்கள். எங்களுடையது டீசல், அந்தச் சாக்கும் இல்லை.

சரி, பதினாறு என்பது பொய்யா? இதைத் தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு வண்டியைக் காலியாக எடுத்துக்கொண்டு அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறினோம். வண்டலூரில் இருந்து மீஞ்சூர் வரைக்கும் 62 கிலோமீட்டர் நீளம் அந்த ரோடு. முழுக்க ஒரு தடவை போய், முழுக்கத் திரும்பி வந்தோம். ஏ.சி. இல்லை, வேகம் 50-ஐத் தாண்டவில்லை. பங்க்கில் இருந்து பங்க் வரைக்கும் 131 கிலோமீட்டர், ஊற்றியது 8 லிட்டர். அதாவது 16.4! அப்பாவுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. "காலியா சும்மா சுத்துனா வாடகை எவன் குடுப்பான்?" டீசல் 740 ரூபாய், டோல் வேறு. அந்தக் காசுக்கு நான் கற்றுக்கொண்டது நிறைய.

ஷோரூம் பையன் பொய் சொல்லவில்லை. அவன் சொன்னது வேறு ஒரு வண்டியைப் பற்றி. சுமை இல்லாத, நிற்காத, கேட் வாசலில் காத்திருக்காத வண்டியைப் பற்றி.

இதில் ஒரு விஷயத்தை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்று 1966-ல் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது. நம்ம ஒரகடத்திலும் ஜி.ஏ.ஆர்.சி. என்ற பரிசோதனை மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில்தான் புது மாடல்களைச் சோதிப்பார்கள். 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டி என்றால் ரோட்டில் ஓட்டுவதில்லை. உருளைகள் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு குறிப்பிட்ட வேகப்படத்தைப் பார்த்து ஓட்டுவார்கள். மொத்தம் 1,180 விநாடி, அதாவது இருபது நிமிஷத்துக்கும் குறைவு. தூரம் 11 கிலோமீட்டர்கூட வராது. அதிக வேகம் 90. ஏ.சி. அணைத்திருக்கும். வண்டியின் காலி எடையோடு ஒரு சிறு எடையைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். முழு லோடு கிடையாது. அந்தப் படத்தில் 0-விலிருந்து 50 கிலோமீட்டர் வேகம் பிடிக்க 26 விநாடி எடுத்துக்கொள்ளலாம். பூந்தமல்லி ரோட்டில் 26 விநாடி எடுத்து 50 பிடித்துப் பாருங்கள், பின்னால் வரும் மாநகரப் பேருந்து டிரைவர் உங்கள் குடும்பத்தில் ஒருவரையும் விடாமல் விசாரிப்பார்.

இந்த வேகப்படம் பழைய ஐரோப்பியப் படத்தைச் சற்று மாற்றி எடுத்தது. ஐரோப்பாக்காரர்கள் அது உண்மை நிலைக்கு ஒத்துவரவில்லை என்று 2017 செப்டம்பரிலிருந்து புது மாடல்களுக்கு வேறு சோதனையைக் கொண்டுவந்தார்கள். அதில் வண்டி தாங்கும் சுமையில் ஒரு பங்கையும் கணக்கில் எடுக்கிறார்கள்.

இப்போது நம்ம ரோட்டுக்கு வருவோம். ஒரு சாயங்காலம் அப்பாவோடு போய் எஸ்டேட் கேட்டில் இருந்து பூந்தமல்லி தாண்டும் வரைக்கும் எத்தனை தடவை நிற்கிறோம் என்று எண்ணினேன். ஊர்ந்து ஊர்ந்து நின்றதை விட்டுவிட்டேன். நல்ல ஓட்டத்தில், ஏறக்குறைய 40 வேகத்தில் வந்து பிரேக் அடித்து நின்றது மட்டும் 24 தடவை. அன்றைக்கு லோடு 800 கிலோ. வண்டி 1,700, நாங்கள் ரெண்டு பேர், ஆக 2,600 கிலோ என்று வையுங்கள். ½ எம்வி ஸ்கொயர் போட்டால் 160 கிலோ ஜூல் வரும். இன்ஜினில் ஊற்றும் டீசலில் நூற்றுக்கு முப்பதுதான் வேலையாக மாறும் என்று எடுத்தால், ஒவ்வொரு தடவை நின்று மறுபடி 40 பிடிக்க 15 மில்லி டீசல். ஒரு பெரிய இருமல் மருந்து மூடி அளவு. 24 தடவைக்கு 360 மில்லி. 11.15 கணக்கில் அது நாலு கிலோமீட்டர் ஓட வேண்டிய டீசல். அத்தனையும் பிரேக் டிரம்மில் சூடாகிப் போய்விடுகிறது. எனர்ஜி கன்வர்ஷன் என்று நாம் ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது.

அடுத்தது கேட் வாசல். கம்பெனி கேட்டில் பாஸ் போடும் வரை முக்கால் மணி, ஒரு மணி நேரம். வெயிலில் அப்பா ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது, ஐம்பத்தோரு வயசு அவருக்கு. ஆனால் இந்த அளவு டீசல் இன்ஜின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு அரை லிட்டரில் இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் குடிக்கும். அந்த நேரத்தில் மைலேஜ் எத்தனை? பூஜ்யம்.

பின்னால் எழும்பும் தார்பாய் தனிக்கதை. லூசாகக் கட்டிய தார்பாய் காற்றில் அடித்துக்கொண்டு வந்தால் வண்டி ஒரு பாராசூட்டை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. டயரில் காற்று பார்த்தேன். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பின் டயருக்குப் போட்டிருந்ததைவிடப் பதினைந்து பவுண்டுக்கும் மேல் குறைவு. வண்டி எடுத்த நாளிலிருந்து யாரும் பார்க்கவில்லை.

பிறகு பி.எஸ்.6. 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கும் வண்டிகளுக்கு இது வந்தது. பி.எஸ்.5-ஐத் தாண்டிக் குதித்தோம். டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கு இருந்தது 10 ஆனது. நல்ல விஷயம், மறுக்கவில்லை. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் நடப்பவர்கள் அந்தப் புகையைத்தானே குடிக்கிறார்கள். ஆனால் எங்க வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் கூடுதல் டீசலை எரித்து, 600 டிகிரி பக்கம் சூடாக்கி, அந்தக் கரியைச் சாம்பலாக்கும். ஹைவேயில் ஓடினால் தானாக முடிந்துவிடும். நின்று நின்று ஓடினால் பாதியில் விட்டு, மறுபடி ஆரம்பித்து, மறுபடி விட்டு... டீசல்தான் போகும். பழைய குட்டி யானையில் இது கிடையாது. இதை ஷோரூமில் யாரும் அப்பாவுக்குச் சொல்லவில்லை. டேஷ்போர்டில் விளக்கு எரிந்தபோது, சீட் பெல்ட் விளக்கு என்று நினைத்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

இவ்வளவும் சொன்ன பிறகு எனக்கே கசந்த ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். குட்டி யானை முக்கால் டன்னை லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொண்டுபோகும். டன் கிலோமீட்டரில் 12.75. புது வண்டி ஒன்றரை டன் ஏற்றி 11.15 கொடுத்தால் 16.7. அதாவது புது வண்டிதான் சிக்கனமானது! ஆனால் எப்போது? முழுசாக ஏற்றினால். எங்களுக்குக் கிடைக்கும் லோடு 600, 800 கிலோ. எஸ்டேட்டில் வாடகை டன்னுக்கு இல்லை, டிரிப்புக்கு. ஒன்றரை டன் வண்டி எடுத்துவிட்டோம் என்பதற்காக எந்தப் பட்டறைக்காரரும் ஒன்றரை டன் பாகம் செய்துவிடப் போவதில்லை. ஆறு பேருக்குச் சமைக்கிற அடுப்பில் மூணு பேருக்குச் சோறு வடிக்கிறோம்.

நம்ம தெர்மல் லேபில் இதே விஷயத்தைத்தான் பரிசோதனையாக வைத்திருக்கிறார்கள். டீசல் இன்ஜின் லோடு டெஸ்ட்! பியூரெட்டில் 10 சி.சி. குறைய எத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்சில் பார்த்து, கயிற்றுப் பிரேக்கில் எடையை ஏற்றி ஏற்றி, கிலோவாட்டுக்கு எவ்வளவு எரிபொருள் என்று கிராஃப் போடுவோமே. லோடு குறைவாக இருந்தால் அந்தக் கோடு மேலே ஏறிக் கிடக்கும், லோடு கூடக்கூட இறங்கும். சின்ன லோடுக்குப் பெரிய இன்ஜின் வாங்காதே என்று அந்தக் கோடு சொல்லிக்கொண்டே இருக்கிறது. நமக்குத்தான் கேட்கவில்லை. கேட்க எங்கே நேரம்? நாம்தான் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதிக்கொண்டிருந்தோமே! மார்ச் மாதத்துக்கு முன்னால் நான் ஒரு தடவை சொந்தமாக அந்த ரீடிங் எடுத்திருந்தால், ஷோரூமில் அப்பா பக்கத்தில் பொம்மை மாதிரி நின்றிருக்க மாட்டேன். "அண்ணே, லோடோட எவ்ளோ?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

கம்பெனிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைலேஜ் கணக்கில் ஏமாற்று உலகம் முழுக்க நடந்திருக்கிறது. ஜப்பானில் மிட்சுபிஷி 2016 ஏப்ரலில், ஆறேகால் லட்சம் சின்னக் கார்களுக்கு மைலேஜ் சோதனைக் கணக்கைத் திரித்ததாகத் தானே ஒப்புக்கொண்டது. பக்கத்துக் கேரளாவில் திருச்சூர் நுகர்வோர் ஆணையத்தில், 2014-ல் ஃபோர்டு கிளாசிக் டீசல் கார் வாங்கிய ஒருவர் வழக்குப் போட்டார். விளம்பரத்தில் 32 கிலோமீட்டர். ஆணையம் நியமித்த நிபுணர் ஓட்டிப் பார்த்ததில் இருபதுகூட வரவில்லை. 2022-ல் 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. அவர் கையில் விளம்பரம் இருந்தது. எங்கள் கையில் என்ன இருக்கிறது? புரோஷரைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். ஏ.சி. இருக்கிறது, யு.எஸ்.பி. சார்ஜர் இருக்கிறது, மைலேஜ் ஒரு வரிகூட இல்லை. பதினாறு என்பது வாயோடு போனது.

லோடு வண்டி என்றால் வியாபாரம், நுகர்வோர் சட்டம் நமக்கு இல்லை என்று ஸ்டாண்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். அது தப்பு. 2019-ம் வருஷச் சட்டத்திலேயே, தன் பிழைப்புக்காகச் சுயதொழிலுக்கு வாங்கிய பொருள் என்றால் வாங்கியவர் நுகர்வோர்தான் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. ரெண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். பத்து லட்சத்துக்குள் விலை என்றால் கட்டணம் 200 ரூபாய்தான். ஆனால் எழுத்தில் ஒன்றும் வாங்காமல் போய் நின்றால் அங்கேயும் உதடு பிதுக்குவார்கள்.

என் கருத்து இதுதான். சரக்கு வண்டிக்கு மைலேஜ் என்றால் சரக்கோடுதான் சொல்ல வேண்டும். காலி, பாதி லோடு, முழு லோடு என்று மூன்று எண்கள், ஷோரூம் சுவரிலும் புரோஷரிலும் தமிழில். முடியாதா? 12 டன்னும் அதற்கு மேலும் உள்ள லாரிகளுக்கு 2017-ல் அரசு எரிபொருள் அளவு நிர்ணயித்தபோது முழு எடையோடு ஓட்டித்தானே சோதிக்கச் சொன்னது? அதே வருஷம் ஏப்ரலில் கார்களுக்கும் கம்பெனி சராசரி என்று ஒரு வரையறை வந்தது. நடுவில் இருக்கும் 3.5 டன்னுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ரெண்டிலும் சேர்க்கவில்லை. கார் வைத்திருப்பவருக்கு ரெண்டு கிலோமீட்டர் குறைந்தால் ஒரு சினிமா போகும். எங்களுக்கு மாசம் 6,000. 2023 ஏப்ரலில் இருந்து வண்டியில் கருவியைக் கட்டி, நிஜ ரோட்டிலேயே ஓட்டிப் புகையை அளக்கிறார்கள். புகையை ரோட்டில் அளக்க முடியும் என்றால் டீசலையும் அளக்கலாம்.

அது வரும்போது வரட்டும். செப்டம்பரில் இருந்து நாங்கள் செய்தவை: வாரம் ஒரு தடவை காலையில் டயர் சூடாவதற்கு முன் காற்று. தார்பாய்க்கு நாலு கயிறு கூடுதல். கேட்டில் இன்ஜின் ஆஃப் (அப்பா இப்போது வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்கிறார், அங்கே ரெண்டு புது வாடகையும் பிடித்துவிட்டார்). முடிந்த நாளில் ஐந்தரைக்கே கிளம்புவது. ரெண்டு பட்டறைச் சரக்கைச் சேர்த்து ஒரே டிரிப்பாக்குவது. வடிகட்டி விளக்கு எரிந்தால் ஹைவேயில் இருபது நிமிஷம் நிறுத்தாமல் ஓட்டுவது. செப்டம்பர், அக்டோபர் சராசரி 12.6. மாதம் 25 லிட்டர் மிச்சம், 2,300 ரூபாய். பதினாறு வரவில்லை, வராது. அதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அப்போ அந்தப் பையன் சொன்னது?" என்று கேட்டார். "அவன் காலி வண்டியைச் சொன்னான்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீயும் கூடத்தானே இருந்த" என்றார்.

நம்மில் பாதிப் பேர் வீட்டில் ஆட்டோவோ, லோடு வண்டியோ, பால் வண்டியோ இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாங்கப் போகிறவர்களும் இருப்பார்கள். எந்த வண்டி, என்ன லோடு, எந்த ரோடு, எவ்வளவு ஓடி எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுத ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி ஆட்டோமொபைல் லேபில் அட்டெண்டர் அண்ணன் மேஜை மேல் வைத்திருக்கிறேன். இதுவரைக்கும் ஏழு வண்டி எழுதியாகிவிட்டது, அதில் ரெண்டு குட்டி யானை. டயர் கேஜும் அங்கேதான் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். மறுநாள் காலை முதல் பீரியடுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது லேபுக்கு இருக்கிற ஒரே கேஜ்.